நார்க்கட்டில் மூட்டைப்பூச்சி: ஏன் ஒரே பொருத்துல கூடுது? ஒண்ணு தப்பினாலே போதுமா?

கேள்வி (பாளைவாசி)
அண்ணாச்சிமாரே, நார்க்கட்டிலைத் திருப்பிப் பார்த்தா கால் பொருத்துல மட்டும் இருபது முப்பது மூட்டை அப்பிக் கிடக்கு. சட்டத்துக்கு நடுவுல ஒண்ணுகூட இல்ல. மருந்தடிச்சா அந்தக் கூட்டம் கலைஞ்சு, பத்து நாள்ல அடுத்த அறைப் பாய்ல தலைகாட்டுது. ஆணும் பெண்ணும் சேர்ந்து போனாத்தான் பெருகுமா, ஒத்தைப் பெண் போனாலே போதுமா?

பதில் (பொருநைக்கரை)
இணை சேர்ந்த ஒத்தைப் பெண்ணே போதும் தம்பி. கூட்டத்துல வளர்ந்த பெண் மூட்டை அநேகமா இணை சேர்ந்துதான் இருக்கும்.

ஆண் தன் வயித்து நுனியில இருக்கிற வளைஞ்ச ஊசியால பெண்ணோட வயித்தைக் குத்தி, விந்தை நேரா உடம்புக்குள்ள விட்டுடும். பெண்ணோட பிறப்புத்துளை முட்டையிட மட்டுந்தான். பெண்ணை மல்லாத்திப் போட்டு லென்ஸ்ல பாருங்க: பூச்சியோட வலது பக்க அடிவயித்து ஓரத்துல சின்ன வெட்டு ஒண்ணு தெரியும். குத்து விழுற இடம் அது. அதுக்கு உள்ள இருக்கிற பை காயத்தையும் கிருமியையும் தாங்குது. ஆணுக்கு அந்த வெட்டு கிடையாது, வயித்து நுனி கூரா இருக்கும்.

ஒரு தடவை சேர்ந்தா, இடையில ரத்தம் கிடைக்கிற வரை, ஒரு மாசத்துக்கு மேல கருவுள்ள முட்டை இடும். அதோட பிள்ளைகளே தங்களுக்குள்ள சேர்ந்து பெருகும்.

ரத்தம் குடிச்சு உப்பின எதுமேலயும் ஆண் ஏறும், இன்னொரு ஆண் மேலயும். ஏறப்பட்ட ஆண் உடனே ஒரு நாத்தத்தை விட்டு விலக்கிடும். நசுக்கினா வருதே, அதே வாடைதான். பெண்ணுக்கோ அடுத்தடுத்துக் குத்து வாங்கினா ஆயுள் குறையுது. அதனால கூட்டத்தை விட்டு முதல்ல விலகுறது பெரும்பாலும் சினைப் பெண்தான். ஆப்பிரிக்க வவ்வால் மூட்டை ஒண்ணுல ஆணுக்கே இந்தக் குத்து வாங்குற உறுப்பு உண்டு!

பதில் (கோரைப்பாய்)
கூடுறதுக்குக் காரணம் எச்சம். அதுலயும் உரிச்ச தோல்லயும் ஹிஸ்டமின்னு ஒரு வேதிப்பொருள் இருக்கு. கனடாவுல சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தார் 2014 கடைசியில சொன்னது. ஹிஸ்டமின் காத்துல பரவாது, கால் பட்டாத்தான் தெரியும், பட்ட இடத்துலயே பூச்சி நின்னுடும். நெருங்கிக் கிடந்தா உடம்பு ஈரமும் காயாது, குஞ்சும் சீக்கிரம் வளரும்.

அதனால கூட்டத்தைக் கலைக்காம அதே இடத்துல கொல்லுங்க. பைரித்ராய்டுங்கிற வகைப் பூச்சிமருந்துக்குப் பல ஊர் மூட்டை பழகிப்போச்சு. சாகாம சிதறத்தான் செய்யும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

கொதிக்கிற வெந்நீரைக் கெட்டில் மூக்கு வழியா பொருத்துல நிதானமா ஊத்துங்க. நாரை அவிழ்த்து வெந்நீர்ல முக்குங்க. பிறகு எச்சக் கறுப்புப் புள்ளியையும் உரிச்ச தோலையும் சோப்புத் தண்ணியால தேச்சுக் கழுவுங்க, இல்லாட்டி புதுசா வர்றதும் அங்கேயே அடையும். முட்டை 6 முதல் 10 நாள்ல பொரியும், அதனால 10, 14ஆம் நாள்ல மறுபடி ஊத்தணும்.

கேள்வி (பாளைவாசி)
பத்தமடைப் பாய்க்கு வெந்நீர் ஒத்துக்காதே?

பதில் (கோரைப்பாய்)
ஒத்துக்காது, சாயம் போயிடும். சும்மா வெயில்ல போட்டா நிழல் பக்கம் ஓடிடும். கறுப்புப் பாலித்தீன்ல காத்துப் போகாமச் சுத்தி, மதிய வெயில்ல தார்த்தரையில போடுங்க. நடு மடிப்புல தெர்மாமீட்டரைச் செருகி, 50 டிகிரி தாண்டி ஒரு மணி நேரம் நின்னாத்தான் எடுக்கணும். முட்டை ஓரத்துணித் தையல்ல ஒட்டியிருக்கும், அதையும் பாருங்க.

பதில் (பொருநைக்கரை)
மூட்டையைப் பிடிக்கக் கட்டில் காலுக்கு வழுவழுப்புக் கிண்ணம் வச்சா இங்குள்ள வெப்பமண்டல மூட்டை ஏறி வெளிய வந்துடும், கால்ல ஒட்டுற முடி அதிகம். உள்சுவர்ல முகப்பவுடர் தடவினா வழுக்கி விழும். வாரத்துக்கு ஒருதரம் பவுடரைப் புதுசாத் தடவுங்க.