இரண்டு 18650 செல்: சீரிஸா, பேரலலா?

கேள்வி: பாதுகாப்பு சிப் இல்லாத மெக்கானிக்கல் வேப் (இ-சிகரெட்) பாக்ஸ். 0.15 ஓம் காயில் (சூடாகும் கம்பிச்சுருள்), 20 ஆம்பியர் வரை தாங்கும் 18650 லித்தியம் செல் இரண்டு. எப்படி இணைப்பது?

பதில் 1: சீரிஸ் (ஒன்றன்பின் ஒன்றாக) வேண்டவே வேண்டாம். முழு சார்ஜில் 8.4 வோல்ட், 0.15-ஆல் வகுத்தால் 56 ஆம்பியர், அத்தனையும் ஒவ்வொரு செல் வழியாகவும் ஓடும். பேரலலில் (பக்கம் பக்கமாக) 4.2 வோல்ட், 28 ஆம்பியர், செல்லுக்கு 14.

பதில் 2: கணக்கு சரி. ஆனால் பேரலலில் ஒரு செல்லைத் தலைகீழாகப் போட்டால், பட்டனை அழுத்தாமலே இரண்டும் ஷார்ட் ஆகிவிடும். ஒன்றாக வாங்கிய ஒரே மாடல் ஜோடியையே போடுங்கள். மீட்டரில் வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்குள் இருக்கட்டும். பிளஸ் முனை ஓரத்தில் உறையைப் பாருங்கள். செல்லின் உடம்பு முழுக்க மைனஸ். அங்கே நகக்கீறல் அளவு கிழிசலே போதும், ஷார்ட்தான்.

கேள்வி: சீரிஸ்தான் வேண்டுமென்றால்?

பதில் 1: காயில் 0.6 ஓமுக்குக் குறையக் கூடாது. அப்போது அதே 14 ஆம்பியர்.