9 மி.மீ. தோட்டா மறுநிரப்பு: எந்த வெடிமருந்து, எந்த குண்டு?

கேள்வி: டெக்ஸாஸில் இருக்கிறேன். சுட்ட தோட்டாக் கூடுகளை மறுபடி நிரப்பப் போகிறேன். 9 மி.மீ. லூகர் தோட்டாவுக்கு 124 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) குண்டு வாங்கியாச்சு. டைட்குரூப் என்ற வெடிமருந்து சிக்கனமாமே, எடுக்கலாமா?

பதில் 1: சிக்கனம்தான், ஆனால் முதல் மருந்தாக வேண்டாங்க. கொஞ்சம் போட்டாலே போதும், கூட்டின் அடியில் கிடக்கும். தவறி இரண்டு முறை விழுந்தாலும் கூடு வழியாது. சுட்டால் துப்பாக்கியே சிதறலாம். கூட்டில் அதிக இடத்தை அடைக்கும் மருந்தாகப் பாருங்கள். குண்டு வைக்குமுன் ஒவ்வொரு கூட்டிலும் டார்ச் அடித்துப் பார்க்கணும்.

பதில் 2: குண்டு செம்பு உறையா, வார்ப்பு ஈயமா? உறைக்கு விட்டம் 0.355 அங்குலம், ஈயத்துக்குப் பெரும்பாலும் 0.356. ஈயக் குண்டு சிறுத்தால் குழலில் ஈயம் படியும். தோட்டாவின் மொத்த நீளம் 1.169 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. அதற்காகக் குண்டை ரொம்ப ஆழமாக இறக்கினால் அழுத்தம் எகிறும்.

கேட்டவர்: உறைதான். எத்தனை கிரெய்ன் மருந்து?

பதில் 1: மருந்து நிறுவனத்தின் கையேட்டில் அதே குண்டுக்கான தொடக்க அளவு. இணையத்தில் யாரோ சொன்ன எண் வேண்டாம், நான் சொன்னாலும்.