மறுமொழி: குவில்ட், பேட்ச்வொர்க், ஃபேட் குவார்ட்டர் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

துணிகளை அடுக்கித் தைக்கும் குவில்ட் வேலையின் சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பேசும் இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் டெக்சாசில் குவில்ட் வகுப்பு எடுக்கிறேன். கண்காட்சிகளில் சின்னதாக ஒரு துணிக்கடையும் போடுவேன். எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியில், பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் பெற்றோருக்காக இப்போது ஒரு தையல் வகுப்பு தொடங்கியிருக்கிறோம். அதற்குத் தமிழில் பயிற்சித்தாள் வேண்டும். எனக்கு வேண்டியவை அகராதியில் போய் உட்காரும் சொற்கள் அல்ல. கையில் ஊசியும் துணியுமாக இருப்பவரிடம் மேசையின் இந்தப் பக்கமிருந்து சொன்னால் உடனே புரிய வேண்டிய சொற்கள்.

> குவில்ட் = ஒட்டுப்போர்வை. எல்லாருக்கும் புரிகிறது, இதையே வைத்துக்கொள்ளலாமே.

புரிகிறது, சரி. ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. குவில்ட்டில் நடப்பது ஒரு வேலை அல்ல. முதலில் சின்னச் சின்னத் துண்டுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்து ஒரு பெரிய துணி ஆக்குகிறோம். இது பேட்ச்வொர்க். பிறகு அதை மேலே வைத்து, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி என்று மூன்றையும் அடுக்குகிறோம். அப்புறம்தான் மூன்று அடுக்கையும் ஊடுருவி நூல் ஓடும்படி நெடுகத் தைக்கிறோம். குவில்ட்டிங் என்பது இந்தக் கடைசித் தையல்தான். இது இல்லாவிட்டால் இரண்டு முறை துவைத்ததும் பஞ்சு நகர்ந்து ஒரு மூலையில் கட்டியாகத் திரண்டுவிடும். பஞ்சு விரிப்பின் உறையிலேயே, எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் ஓட வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள்.

இந்த இரண்டு வேலையும் தனித்தனியாகவே நடக்கலாம். ஒரே முழுத்துணியை மேலே வைத்து, துண்டே சேர்க்காமல், தையல் கோடுகளால் மட்டும் பூவும் கொடியும் எழுப்புகிற பழைய வெள்ளைக் குவில்ட்டுகள் உண்டு. அதில் ஒட்டு எங்கே? மாறாக, கொரியாவின் போஜாகி மூட்டைத்துணிகளில் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் அழகு முழுக்க இருக்கிறது. பல போஜாகிகளில் பஞ்சும் இல்லை, அடுக்கும் இல்லை. இரண்டையும் 'ஒட்டுப்போர்வை' என்று ஒரே மூட்டையில் கட்டினால், வகுப்புக்கு வருகிறவர் மேல்துணியைத் தைத்து முடித்ததும் போர்வை முடிந்தது என்று எழுந்துவிடுவார். ஆகவே இரண்டு வேலைக்கும் இரண்டு சொல் வேண்டும்.

'ஒட்டு' வறுமையை நினைவூட்டுகிறது, அதனால் தவிர்க்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஆற்றோரக் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்து நைந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் கிழித்துத் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றைத் தபால்தலைகளாக வெளியிட்டது. முழங்கால் இருந்த இடத்தில் வெளுத்துப்போன நீலம் அப்படியே தெரியும். அந்த வெளுப்புத்தான் அவற்றின் வண்ணமே. ஏழ்மையை மறைப்பதற்காக ஒரு சொல்லை ஒதுக்குவது இந்தக் கைகளுக்குச் செய்கிற மரியாதை அல்ல.

நான் 'ஒட்டு' வேண்டாம் என்பது வேறு காரணத்துக்காக. கிழிசல்மேல் ஒரு துணியை வைத்துத் தைத்தால் ஒட்டுப்போடுகிறோம் என்கிறோம். அதாவது ஒட்டு என்பது ஒன்றின்மேல் உட்காருவது. குவில்ட்டில் அதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது: பூ, இலை, பறவை என்று வெட்டி அடித்துணியின்மேல் வைத்து ஓரத்தை மடித்துத் தைக்கும் அப்ளிக்கே. 'ஒட்டுத்தையல்' என்ற சொல்லை அதற்குக் கொடுத்துவிட்டால் அச்சாகப் பொருந்தும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் தேருக்கும் கோயிலுக்கும் தைக்கிற, உருளையாகத் தொங்கும் தொம்பையும் தேர்ச்சீலையும் இந்த வகைதான். ஒட்டுமாங்கன்றில் ஓரத்தோடு ஓரம்தானே சேர்கிறது என்று கேட்டவருக்கு: மரத்துக்கு அது சரி. துணியில் ஒட்டு என்றதும் கை தானாக மேலேதான் வைக்கப் போகிறது.

ஓரத்தோடு ஓரம் சேர்ப்பதற்கு என் பரிந்துரை 'துண்டிணைப்பு'. வினையாகச் சொல்லும்போது 'துண்டு இணைத்தல்'. இதை ஏற்கெனவே வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன், யாரும் விளக்கம் கேட்பதில்லை.

இனி குவில்ட்டிங். இங்கே வந்த பரிந்துரைகளில் 'மெத்துத்தையல்' காதுக்கு மிக இனிமை. மெத்தென்று இருப்பது, மெத்தை, எல்லாம் அதில் வந்துவிடுகிறது. ஆனாலும் நான் 'அடுக்குத்தையல்' பக்கம் நிற்கிறேன். வங்காளத்துக் கந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓடுதையல் போட்டதுதான். நடுவில் பஞ்சு கிடையாது. மெத்து என்றால் கந்தா வெளியே போய்விடும். அடுக்கு என்றால் உள்ளே வந்துவிடும். பிகாரின் சுஜனியும் அப்படியே. சமையலறைக் கைப்பிடித்துணியும் குளிர்ச்சட்டையும்கூட இதில் அடங்கும்.

இந்தப் பிரிவினைக்கு அடங்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வட கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவாந்திப் போர்வை. அவர்கள் அடித்துணியின் ஒரு மூலையில் தொடங்குகிறார்கள். ஒரு துண்டை வைத்து, ஓரத்தை மடித்து, அடித்துணி வரை ஊசி இறங்கும்படி ஓடுதையல் போட்டுக்கொண்டே அடுத்த துண்டை வைக்கிறார்கள். ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருகிறார்கள். துண்டைச் சேர்ப்பதும் அடுக்கைப் பிடிப்பதும் ஒரே ஊசியோட்டத்தில் முடிந்துவிடுகிறது. மூலைகளில் மடித்துத் தைத்த சின்னப் பூக்கள் இல்லாமல் அதை முடித்ததாகக் கொள்வதில்லை. இதை நம் சொற்களுக்குள் திணிக்க வேண்டாம். கவாந்தி கவாந்தியாகவே இருக்கட்டும்.

பொருளுக்குப் பெயர் என்ன என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. படுக்கைக்கு என்றால் 'அடுக்குப்போர்வை' போதும். ஆனால் கண்காட்சிக்குப் போனால் பெரும்பாலானவை சுவரில் தொங்குகின்றன, யாரும் போர்த்திக்கொள்வதில்லை. ஹூஸ்டன் பன்னாட்டுக் குவில்ட் விழா 1970களில் ஒரு துணிக்கடை தன் வாடிக்கையாளர்களுக்காக நடத்திய காட்சியிலிருந்து வளர்ந்தது. இன்று மாநாட்டு மையத்தின் பெரிய கூடத்தை நிறைக்கிறது. கென்டக்கியின் படூக்காவில் 1991இலிருந்து குவில்ட்டுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கெல்லாம் இவை ஓவியம்போலத்தான் தொங்குகின்றன. திரைச்சீலை, தேர்ச்சீலை என்று நமக்குப் பழகிய சொற்கள் இருப்பதால், தொங்கவிடுவதை 'அடுக்குச்சீலை' எனலாம். சீலை என்றால் புடவை அல்லவா என்ற குழப்பம் தேர்ச்சீலையில் வரவில்லை, இதிலும் வராது.

உறுப்புகளுக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை, தையல்கடையிலும் புடவையிலும் சொற்கள் தயாராக இருக்கின்றன. ஓரத்தில் மடித்துத் தைக்கும் பைண்டிங் 'ஓரப்பட்டி'. சுற்றிலும் வரும் பார்டர் 'கரை'. பிளாக் என்பது 'கட்டம்', கட்டங்களுக்கு நடுவே ஓடுவது 'இடைப்பட்டி'. நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பான பேட்டிங்குக்கு 'இடைப்பஞ்சு'. கம்பளியில் செய்ததும் பாலியஸ்டரில் செய்ததும் உண்டே என்றால், நுரைப்பஞ்சு என்று சொல்லும்போது நாம் பருத்தியை நினைப்பதில்லை.

தையலுக்கும் துணியின் ஓரத்துக்கும் நடுவில் விடும் சீம் அலவன்ஸ் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது, ஏனென்றால் வகுப்பில் சண்டையே அங்கேதான். ரவிக்கை தைத்துப் பழகியவர், பின்னால் பிரித்துவிட வேண்டும் என்று உள்ளே தாராளமாகத் துணி விட்டுத்தான் தைப்பார். குவில்ட்டில் கால் அங்குலம்தான். குறையவும் கூடாது, கூடவும் கூடாது. இரண்டரை அங்குலச் சதுரங்கள் ஒன்பதை மூன்றுக்கு மூன்றாக இணைத்தால் ஆறரை அங்குலக் கட்டம் வர வேண்டும். கால் அங்குலத்துக்குப் பதில் எட்டில் மூன்று அங்குலம் பிடித்துவிட்டால் ஒவ்வொரு தையலும் இரு பக்கத்திலுமாகக் கால் அங்குலம் கூடுதலாகத் தின்றுவிடும். இரண்டு தையலுக்கு அரை அங்குலம் போய், கட்டம் ஆறு அங்குலத்தில் நிற்கும். பக்கத்துக் கட்டத்தோடு மூலை சேரவே சேராது. 'உள்ளே துணி விட்டுத் தைங்க' என்று தையல்காரரிடம் சொல்லும் வழக்கிலிருந்து 'உள்விடு' என்று வைக்கலாமா? கால் அங்குல உள்விடு. எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் உங்கள் கருத்து வேண்டும்.

> ஃபேட் குவார்ட்டரை 'கொழுத்த கால்' என்று போட்டுவிடலாமா?

கடைப்பலகையில் எழுத முடியாது! ஆட்டுக்கால் சூப் என்று நினைத்துக்கொள்வார்கள். இது கடைக்காரியாக எனக்கு மிகவும் தேவைப்படும் சொல் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். இங்கே குவில்ட் துணி ஏறக்குறைய 44 அங்குல அகலத்தில் வருகிறது. கால் கெஜம் கேட்டால் கடையில் குறுக்கே ஒன்பது அங்குலம் வெட்டித் தருவார்கள்: ஒன்பதுக்கு 44, நீளமான ஒரு நாடா. ஃபேட் குவார்ட்டருக்கு முதலில் அரை கெஜம் வெட்டி, அதை நடுவில் நெட்டாகப் பிளக்கிறோம். பதினெட்டுக்கு 22 அங்குலம். இரண்டுக்கும் பரப்பு ஒன்றுதான், 396 சதுர அங்குலம். விலையும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் ஒன்பது அங்குல நாடாவிலிருந்து பன்னிரண்டு அங்குலச் சதுரம் ஒன்றை எப்படியும் வெட்ட முடியாது, இதிலிருந்து முடியும். பெரிய பூ அச்சும் அறுபடாமல் கிடைக்கும். எனவே 'அகலக் கால்கெஜம்', மற்றது 'நீளக் கால்கெஜம்'. கெஜம் என்ற சொல் இங்கே யார்டில் துணி விற்கிற ஊரில் மறுபடி வேலைக்கு வருவது எனக்குத் தனி மகிழ்ச்சி. 'அகலக்கால்' என்று சுருக்கிவிடாதீர்கள், 'அகலக்கால் வைக்காதே' என்ற எச்சரிக்கை கடைக்கு ஆகாது.

கண்காட்சியில் துணியை நின்று வெட்டிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. பத்தடிக்குப் பத்தடி இடத்தில் நான்கு பேர் நுழைந்தாலே நெரிசல். அதனால் மடித்து நாடா கட்டிய அகலக் கால்கெஜங்களும், ஆலையிலேயே வெட்டி வருகிற துண்டுகளும்தான் அதிகம் விற்கும். இரண்டரை அங்குலப் பட்டைகளைச் சுருட்டிய சுருள், பெரும்பாலும் நாற்பது பட்டை. ஐந்து அங்குலச் சதுரக் கட்டு. பத்து அங்குலச் சதுரக் கட்டு. இவற்றுக்கு 'கட்பீஸ்' என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் ஊரில் கட்பீஸ் என்றால் மிச்சம் விழுந்த துண்டு, மலிவு விலை. இவை மிச்சம் அல்ல, அளவு பிசகாமல் வெட்டியவை, கெஜக்கணக்கில் பார்த்தால் விலை கூடுதல்கூட. 'அளவுத்துண்டு' என்று வைத்தால் வாங்குபவருக்கும் கணக்கு தெரியும்: ஐந்தங்குல அளவுத்துண்டு, பத்தங்குல அளவுத்துண்டு, பட்டைச்சுருள்.

குவில்ட் துணிக்கு என்ன பெயர் என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் நான் கேட்காமலே சொல்வேன்: சீட்டி. பாட்டிமார் சீட்டிப் பாவாடை என்பார்களே, அந்தப் பூ அச்சிட்ட பருத்தித்துணிதான் இது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப்போன சீட்டித் துணிமேல் இங்கிலாந்துக்கு இருந்த மோகத்தைப் பார்த்து அங்கிருந்த கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தார்கள். 1700இலும் 1721இலும் தடைச்சட்டங்கள் வந்தன. கிடைத்த சீட்டியை வீணாக்க மனமில்லாதவர்கள் அதிலிருந்த பூக்களையும் பறவைகளையும் ஒவ்வொன்றாக வெட்டி, வெற்றுத் துணிமேல் வைத்துத் தைத்துப் படுக்கைவிரிப்பு செய்தார்கள். அட்லாண்டிக்கின் இரு கரையிலும் அப்படிப்பட்டவை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நம் துணி, நம் சொல். கடைப்பலகையில் 'சீட்டித்துணி' என்று எழுத எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

கருவிகளில், வட்டத்தகடு உருண்டு வெட்டும் ரோட்டரி கட்டருக்கு 'உருள்கத்தி' என்று போட்டிருக்கிறேன். 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்தது. அதற்கு முன் அட்டை அச்சு வைத்துக் கோடு கிழித்துக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டினார்கள். இப்போது நான்கு மடிப்பையும் ஒரே உருட்டில் வெட்டுகிறோம். அடியில் விரிப்பது 'வெட்டுவிரிப்பு'.

அடுக்குத்தையல் போடும் லாங் ஆர்ம் இயந்திரத்துக்கு மட்டும் எனக்கு நல்ல சொல் அகப்படவில்லை. வீட்டுத் தையல் இயந்திரத்தில் இயந்திரம் நிற்கும், துணியை நாம் நகர்த்துவோம். இதில் துணி சட்டத்தில் இறுக்கமாக நிற்கும், இயந்திரம் தண்டவாளத்தில் அதன்மேல் ஓடும். 'நீள்கை இயந்திரம்' என்றால் எதுவும் புரியவில்லை. இந்த வேலையைப் பார்த்துச் சொல் தேடுங்கள். பயிற்சித்தாள் இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. உள்விடு, லாங் ஆர்ம் இரண்டுக்கும் அதற்குள் எழுதினால் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்.