ஜோயியைத் தனியாக நிற்கவைத்தது ஏன் சரிவரவில்லை?

ஹட்டன் ஆசிரியை எழுதியது:

நான் உயர்தரம் படித்த காலத்தில், அண்ணன் நகரத்துக் கடையொன்றிலிருந்து வாடகைக்கு எடுத்துவந்த டிவிடிகளில்தான் 'ஃபிரெண்ட்ஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரை முதன்முதலாகப் பார்த்தேன். 1994 முதல் 2004 வரை பத்துப் பருவங்கள் ஓடிய அத்தொடரின் ஆறு நண்பர்களில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தவன் ஜோயிதான். ஆங்கிலம் அதிகம் தெரியாத அம்மாகூட, தன் சாப்பாட்டில் யாராவது கைவைத்தால் அவன் படும் பாட்டைப் பார்த்துச் சிரித்துவிடுவார். அவனையே நாயகனாக வைத்து 2004 செப்டெம்பரில் 'ஜோயி' என்ற தனித்தொடர் தொடங்கியது என்பதை அண்மையில்தான் அறிந்து, பாடசாலை விடுமுறையில் தம்பியுடன் அமர்ந்து பார்த்தேன்.

மனம் மிகவும் சோர்ந்துவிட்டது. நடித்தவர் அதே மெட் லெப்ளாங்க். அதே சிரிப்பு, அதே வெகுளித்தனம். ஆனாலும் எதுவோ இல்லை. எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் வசனம் காதில் ஏறாது என்பதால், திரையின் கீழே ஓடும் எழுத்தை வாசித்தே பார்ப்போம். பழைய தொடரை அப்படி வாசித்தபோதும் சிரிப்பு வந்தது. இதிலோ ஜோயி சொன்ன வரி அப்படியே நிற்கிறது. அதற்கு அடுத்து வரவேண்டிய வரி வரவேயில்லை என்று தோன்றுகிறது. நமக்கு இவ்வளவு பிடித்த ஒருவன் தனியாக வந்ததும் ஏன் இப்படி வெறுமையாகத் தெரிகிறான்?

பண்டாரவளை வாசகர்:

தங்கச்சி, உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. அந்த அடுத்த வரியைச் சொல்ல வேண்டியவன், ஆறு நண்பர்களில் ஒருவனான சாண்ட்லர். அவன் இந்தத் தொடரில் இல்லை. மற்ற ஐவரில் ஒருவர்கூட ஒரு காட்சிக்கும் வந்து போகவில்லை.

எங்கள் தோட்டத்தில் திருவிழாவுக்குப் பொன்னர் சங்கர் கூத்துப் போடுவார்கள். என் மாமாதான் கோமாளி வேடம் கட்டுவார். ராசாக்கள் பாடி முடித்த களைப்பில் சனம் கண்ணயரும் நேரமாகப் பார்த்து உள்ளே நுழைந்து, ராசாவின் பேச்சையே திருப்பிக் கேள்வி கேட்டு, கூட்டத்தை எழுப்பிவிட்டு ஒதுங்கிவிடுவார். ஒருமுறை ராசா வேடக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டதால் மாமாவையே நெடுநேரம் ஆடச் சொன்னார்கள். நல்ல கலைஞர்தான், ஆனால் எதிரே நின்று கோபப்பட ராசா இல்லாதபோது, அவருடைய பேச்சு போய் விழுவதற்கு இடமில்லாமல் போனது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒவ்வொருவராக லயத்துக்குத் திரும்பியதை நான் பார்த்தேன்.

ஜோயியை வெறும் துணைப்பாத்திரம் என்று சொல்லிவிட முடியாதுதான், ஆறு பேருக்கும் சம பங்கு இருந்தது. ஆனால் அவன் செய்த வேலை கோமாளியின் வேலை. புதிய தொடரில் அவனை லொஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பி, அக்கா ஜீனாவையும், படிப்பில் கெட்டிக்காரனாகவும் பெண்களிடம் பேசக் கூசுபவனாகவும் இருக்கும் அவளுடைய மகன் மைக்கலையும் பக்கத்தில் வைத்தார்கள். இதனால் நடந்தது என்னவென்றால், முன்பு எதையும் விளங்காமல் நண்பர்களிடம் கேட்டவன், இப்போது மருமகனுக்கு வழிகாட்டும் பெரியவனாகிவிட்டான். விளங்காதவனை நாம் நேசித்தோம். விளங்கப்படுத்துபவனாக அவனை நமக்குத் தெரியாது.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி:

ஐயா சொன்ன கூத்து உதாரணம் என் மனதில் நன்றாகப் பதிந்தது. ஆயினும் துணைப்பாத்திரம் தனியே நிற்கவே முடியாது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 'சியர்ஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் மூன்றாவது பருவத்தில், 1984இல், மதுக்கடைக்கு வந்துபோகும் மனநல மருத்துவராக அறிமுகமானவர்தான் ஃப்ரேசியர். 1993இல் அவரை சியாட்டில் நகரத்துக்கு அழைத்துச்சென்று தொடங்கிய தனித்தொடர் பதினொரு பருவங்கள், 264 அத்தியாயங்கள் ஓடியது.

அங்கே எழுத்தாளர்கள் செய்த ஒரு காரியத்தைக் கவனியுங்கள். 'சியர்ஸ்' தொடரில் தன் தந்தை இறந்துவிட்டதாக ஃப்ரேசியர் சொல்லியிருந்தார். புதிய தொடரின் முதல் அத்தியாயத்திலேயே அந்தத் தந்தை, இடுப்பில் குண்டடிபட்டு ஓய்வுபெற்ற பொலிஸ்காரராக, கைத்தடியோடு வந்து நிற்கிறார். மகன் விலையுயர்ந்த தளபாடங்களால் அலங்கரித்து வைத்திருக்கும் வரவேற்பறையின் நடுவில், கிழிந்த இடமெல்லாம் டேப் ஒட்டிய தன் பழைய சாய்வு நாற்காலியை இறக்கிவைக்கிறார். முன்பு சொன்னது பொய் என்று ஃப்ரேசியரைப் பிறகு ஓர் அத்தியாயத்தில் ஒப்புக்கொள்ளவும் வைத்தார்கள். ஃப்ரேசியரின் ஆணவத்துக்கு அந்த ஒரு நாற்காலியே தினமும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

'பிரேக்கிங் பேட்' தொடரின் வழக்கறிஞர் சோலுக்குத் தனித்தொடர் எழுதியபோதும் அப்படியே. அவருக்கு ஓர் அண்ணனையும் கிம் என்ற பெண்ணையும் புதிதாகப் படைத்தார்கள். அந்த இருவர் முன்னிலையில்தான் வாய் ஓயாத அந்த மனிதருக்குள் இருந்த காயம் வெளியே வந்தது. ஜீனாவும் மைக்கலும் ஜோயிக்கு அப்படி எதையும் செய்யவில்லை. ஆகையால் குறை ஜோயியிடம் இல்லை, அவனுக்கு எதிரே யாரை உட்காரவைத்தார்கள் என்பதில்தான் இருக்கிறது.

பதுளை வாசகி:

காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'ஃபிரெண்ட்ஸ்' முடிந்தது 2004 மே 6ஆம் திகதி. நான்கு மாதங்களில், அதே வியாழக்கிழமை, அதே நேரத்தில் 'ஜோயி' வந்தது. இழவு வீட்டில் பந்தல் பிரிக்குமுன் விருந்துக்கு அழைத்தது போன்ற அவசரம் அது. பார்த்தவர்கள் ஒவ்வொரு வாரமும் மற்ற ஐவரைத் தேடியிருப்பார்கள். மொத்தம் 46 அத்தியாயங்கள் எடுத்தும், கடைசி எட்டை அமெரிக்காவில் ஒளிபரப்பாமலே விட்டுவிட்டார்கள்.

ஹட்டன் ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் நன்றி. தலவாக்கலைத் தம்பி நாற்காலியைப் பற்றி எழுதியதை வாசித்ததும், ஜோயியும் சாண்ட்லரும் அருகருகே சாய்ந்திருந்த அந்த இரண்டு நாற்காலிகள்தான் நினைவுக்கு வந்தன. புதிய தொடரைப் பார்த்தபோது என் கண் தேடியது பக்கத்து நாற்காலியைத்தான் என்பது இப்போது விளங்குகிறது. மீதமுள்ள 'ஜோயி' அத்தியாயங்களைப் பார்க்கப் போவதில்லை. தந்தை தன் நாற்காலியோடு வந்து இறங்கும் அந்த முதல் அத்தியாயத்தை இன்றிரவு அப்பாவையும் கூட்டிவைத்துப் பார்க்கிறோம். மழை விடவில்லை, என் தம்பிதான் அவருக்கு எழுத்தை வாசித்துச் சொல்ல வேண்டும்.