காகங்கள் கொண்டுவந்த அப்பம்: உங்கள் சாட்சிகள் தேவை

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். வருகிற ஞாயிறு வீட்டு ஜெபக்கூட்டத்தில் வேதாகமத்தின் 1 இராஜாக்கள் 17-ஆம் அதிகாரத்தைப் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. கேரீத் ஆற்றண்டையில் எலியா தீர்க்கதரிசிக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தவை, லேவியராகமம் புசிக்கக்கூடாதென்று விலக்கிய காகங்கள். ஆறு வற்றியபின் அவரைப் போஷித்தவளோ, பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும் மட்டுமே வைத்திருந்த சாறிபாத் ஊர் விதவை. சென்ற மாதம் மருந்துக்குப் பணமின்றி நான் ஜெபித்துக்கொண்டிருந்தபோது, ஓராண்டாக என்னோடு பேசாதிருந்த பக்கத்து வீட்டு அக்கா, என்றோ வாங்கிய கைமாற்று 600 ரூபாயை, மஞ்சள்தூள் வாசனை மாறாத நோட்டுகளாக வாசலில் வந்து நீட்டினார். (தற்செயல் என்கிறார் என் கணவர், இருக்கட்டும்.) இவ்வாறு எதிர்பாராத கைகளால் உதவி பெற்ற உங்கள் அனுபவங்களைச் சனிக்கிழமைக்குள் சுருக்கமாக எழுதி உதவுங்கள், கேட்டபடி கிடைக்காத ஜெபங்களையும் மறைக்க வேண்டாம்.