ஆறு கப் கீரைக்கு எத்தனை கிராம்? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

சமையல் குறிப்பில் ‘இளம் பசலைக்கீரை 6 கப்’ என்றிருந்தது. என்னிடம் அளவுக் கப் இல்லை, தராசு மட்டும்தான். ஒரு கப் 240 மில்லிலிட்டர், ஆகவே 240 கிராம் என்று மனக்கணக்குப் போட்டு, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கீரை வாங்கிவந்தேன். நான்கு பேருக்கான சாலட்! கழுவி முடிப்பதற்குள் இரண்டு வடிகூடைகள் நிரம்பின. மேசையில் விரித்த துணிகளிலும் இலைதான். அப்போதுதான் உறைத்தது: 240 என்பது தண்ணீரின் கணக்கு. கீரை நிறைந்த கப்பில் பெரும்பகுதி காற்று.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுப் பட்டியலில் பச்சைப் பசலைக்கீரை ஒரு கப் 30 கிராம். எனக்குத் தேவைப்பட்டது 180 கிராம். வாங்கியது அதைப்போல் எட்டு மடங்கு. அதே பட்டியலில் வேகவைத்து வடித்த பசலைக்கீரை ஒரே ஒரு கப் 180 கிராம். வெந்ததும் கீரை எவ்வளவு சுருங்கிவிடுகிறது என்பதை அன்றிரவு மீதியை வதக்கியபோது கண்ணால் பார்த்தேன்.

பிறகு ஒரு கப் வாங்கிச் சோதித்தேன். இலைகளை விரலால் எடுத்து மெதுவாகப் போட்டபோது தராசு 27 காட்டியது. கப்பை மேசைமீது இரண்டு தட்டுத் தட்டினேன். இலை ஒரு விரற்கடை இறங்கியது. அந்த இடத்தை நிரப்பியதும் 34. உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி நிரப்பியபோது 50-ஐத் தாண்டிவிட்டது. கப் அதேதான், கீரையும் அதேதான். ‘அழுத்தி அளந்தது’ என்ற சொல் குறிப்பில் இருக்கிறதா என்று இப்போது முதலில் தேடுகிறேன். இல்லையென்றால் தளர்வாக நிரப்பியது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

* * *

சாலட்டில் பச்சையாகச் சேர்க்கும் லெட்டூஸ் கீரையில் எனக்கும் இதேபோல் நடந்தது. மெல்லிய இழைகளாக நறுக்கிய ஐஸ்பெர்க் லெட்டூஸ் (முட்டைக்கோஸ்போல் உருண்டையாக இருக்கும் வகை) 4 கப்புக்குப் பதில் பச்சை இலை லெட்டூஸை அதே எடைக்கு, அதாவது 288 கிராம் எடுத்தேன். கிண்ணம் கொள்ளவில்லை. ஐஸ்பெர்க் ஒரு கப் 72 கிராம், இலை லெட்டூஸ் 36 தான். எட்டுக் கப் ஆகிவிட்டது. ஒரு கீரைக்கு மாற்றாக இன்னொன்றைச் சேர்க்கும்போது எடையைவிடக் கப் அளவைப் பார்ப்பதுதான் சாலட்டுக்குச் சரி என்பது என் கருத்து. தட்டில் கண்ணுக்குத் தெரிவது பரப்புதானே.

* * *

ஈரத்தை யாரும் சொல்லவில்லையே! 150 கிராம் இலையைக் கழுவி, உதறிவிட்டு மறுபடி நிறுத்தேன்: 185. அந்த 35 கிராமும் இலையின் மடிப்பில் ஒட்டிய தண்ணீர். அதை இலையின் எடையென்று நம்பி எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கூட்டிச் சேர்த்தேன். கலவை இலையில் பிடிக்காமல் கிண்ணத்தின் அடியில் தேங்கிவிட்டது. இப்போது துணியில் ஒற்றிய பிறகே நிறுக்கிறேன்.

கப்பின் அளவும் ஊருக்கு ஊர் மாறுகிறது: அமெரிக்காவில் 237 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. மாவுக்கு இது பெரிய வித்தியாசம். கீரைக்கோ, கை அழுத்தும் அழுத்தம் இதைவிடப் பெரிது.

கப்பில் எழுதிய பழைய குறிப்புகளின் ஓரத்தில் பென்சிலால் கிராமைக் குறித்துவருகிறேன். அருகுலா 20, பசலைக்கீரை 30, நறுக்கிய ரொமெய்ன் லெட்டூஸ் 47 வரை வந்திருக்கிறேன். கேல் கீரையை நறுக்கி அளந்து பார்த்தவர்கள் இருந்தால், எத்தனை கிராம் வந்தது என்று எழுதுங்கள்.