கார்ட்டூன் வழியாக மேற்கத்திய இசையும் ஓவியமும்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

மழைக்காகிதம்:
லிட்டில் ஐன்ஸ்டைன்ஸ் என்ற டிஸ்னி கார்ட்டூன் ஓடிய வீடுகளுக்கு, ராக்கெட் கிளம்ப இசைக்கு ஏற்ற வேகத்தில் மடியைத் தட்டும் அந்தச் சமாச்சாரத்தை விளக்க வேண்டியதில்லை. பல் டாக்டரிடம் காத்திருந்தோம், ஸ்பீக்கரில் ஏதோ வயலின். என் நாலு வயதுப் பெண் திடீரென்று இரண்டு கையாலும் தொடையைத் தட்ட ஆரம்பித்தாள், முதலில் மெதுவாக (அடாஜியோ என்றால் மெதுவான வேகம்), "இது அடாஜியோம்மா, ராக்கெட் இப்பதான் கிளம்புது", அப்புறம் வாசிப்பு வேகமெடுத்ததும் கையும் வேகம். தாடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் முறைத்தார். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். இப்போதெல்லாம் எந்த இசை கேட்டாலும் தட்டுவதற்கு முன் என் முகத்தைப் பார்க்கிறாள்.

சோம்பேறிச் சித்தப்பா:
எங்களுடையது டாம் அண்ட் ஜெர்ரி. 1947இல் வந்ததே, டாம் கோட்டுப் போட்டுக்கொண்டு பியானோ வாசிக்க, உள்ளே தூங்கிய ஜெர்ரி எழுந்து வம்பு செய்யுமே, ஆஸ்கர்கூட வாங்கியது, அதேதான். அதில் வரும் லிஸ்ட்டின் இரண்டாவது ஹங்கேரியன் ராப்சடியை ஒரு பியானோ வகுப்பு விழாவில் பெரிய பையன் ஒருவன் வாசித்தான். ஆரம்பம்கூட முடியவில்லை, அண்ணன் மகன் கெக்கெக்கே என்று சிரிக்கிறான். "சித்தப்பா, எலிப்பொறி வரப்போகுது!" (கட்டைகளுக்கு நடுவே ஜெர்ரி எலிப்பொறி வைக்குமே, அதை.) ஹாலே திரும்பியது. மேடையில் அந்தப் பையனின் காது சிவந்தது மூன்றாவது வரிசை வரைக்கும் தெரிந்தது. உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லைப்பா என்று போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தயிர்சாதம்:
சித்தப்பா, தப்பு வாண்டு மேல் இல்லை. படத்தோடு ஒட்டிக்கொண்ட இசை படத்தோடுதான் வரும். மழைக்காகிதம், உங்களுக்கும் சொல்கிறேன், தொடையைத் தட்டினால் இசை தெரியும் என்று ஆகிவிடாது. கைக்குழந்தைகளுக்கான பேபி ஐன்ஸ்டைன் டிவிடிகளால் அறிவு ஒன்றும் வளராது என்று புகார் கிளம்பி, 2009இல் டிஸ்னி பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது நினைவிருக்கிறதா? (அது வேறு தொடர், தெரியும், சண்டைக்கு வராதீர்கள்.) என்னைக் கேட்டால் முதலில் ஒரு வாரம் வெறும் இசை, காரில், சாப்பிடும்போது, படமே கிடையாது, கேட்கும்போது என்ன தோன்றுகிறதோ அதைக் குழந்தையையே வரையச் சொல்லுங்கள், கிறுக்கினாலும் சரி, திருத்தாதீர்கள், அதற்கப்புறம் கார்ட்டூன். இசைக்கே படம் வரைந்த டிஸ்னியின் ஃபான்டேசியா போடுவதானால் துடைப்பங்கள் வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்க மிக்கி மல்லாடும் பகுதியை மட்டும் போடுங்கள், அது டுகாஸின் இசை, கதை தானாகப் புரியும். கடைசியில் முசோர்க்ஸ்கி இசைக்கு மலையுச்சியில் பேய் எழும் இடம் சின்னதுகளுக்கு வேண்டவே வேண்டாம். என் மகள் மூன்று ராத்திரி எங்கள் நடுவில் படுத்தாள்.

வெள்ளெருக்கு:
தயிர்சாதம், இங்கே யாரும் யோசனை கேட்கவில்லையே :) எங்கள் கதை ஓவியம். வான்கோ வரைந்த அந்த இரவு வானத்தை என் மகன் வீட்டில் ஒரு அனிமேஷனில் நூறு தடவை பார்த்திருப்பான், அதில் சுழல்கள் சுற்றிக்கொண்டே இருக்கும், டிவியோ 55 இன்ச். நியூயார்க்கின் மோமா மியூசியத்தில் அசல் இருக்கிறது, 1889இல் வரைந்தது, மூன்றடி அகலம்தான். முன்னால் ஒரே செல்போன் காடு. தோளில் தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, ஆகா, மயங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் காதில் கேட்கிறான், "அப்பா, யாரு பாஸ் (pause) பட்டனை அமுக்கினாங்க?" வெளியே வந்து ஹாட் டாக் வாங்கித் தரும் வரைக்கும் அதே கேள்விதான்.